இருபத்து மூன்றாம் இடம்

எனக்கு டென்னிஸ் ஆடத் தெரியாது. நான் வேலை பார்க்கும் நைனார்பாளையத்தில் ஆடத் தெரிந்தவர் என்று யாரையும் சந்தித்ததும் இல்லை. சின்னசேலத்துப் பக்கத்து ஊர். சுற்றிலும் மக்காச்சோளம், மரவள்ளி. மேகமில்லாத நாளில் வடக்கே தூரத்தில் கல்வராயன் மலை நீலக்கோடாகத் தெரியும். கடையில் 'டென்னிஸ் பால்' என்று கேட்டால் மட்டும் உடனே எடுத்துக் கொடுப்பார்கள். வாங்குகிற பையன்கள் கிரிக்கெட் ஆடத்தான் வாங்குகிறார்கள். டென்னிஸ் என்பது அவர்களுக்குப் பந்தின் ஜாதி. அந்தப் பெயரில் ஒரு ஆட்டம் இருப்பது தெரியாமலே அந்தப் பந்தை ஆயுள் முழுக்க அடிக்கலாம். ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு நகைக்கடன் ரசீது எழுதுகிறவனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சிறுபத்திரிகையில் விளையாட்டைப் பற்றி எழுதினால் வாரப் பத்திரிகைக்காரன் எவனோ வழிதவறி உள்ளே வந்துவிட்டதுபோல் பார்ப்பார்கள் என்பது தெரியும். சங்கீதம் என்றால் மன்னிப்பு உண்டு. சினிமா என்றால், அது வெளிநாட்டுப் படமாக இருக்கும் பட்சத்தில், மரியாதையே உண்டு. ஆனால் சில மாதங்களாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு இலக்கிய விஷயத்தைச் சொல்ல எனக்கு ரமேஷ் கிருஷ்ணனைவிட நல்ல உதாரணம் அகப்படவில்லை.

1961-ல் சென்னையில் பிறந்தவர். 1979-ல் விம்பிள்டன், பிரெஞ்சு இரண்டிலும் ஜூனியர் பட்டம் வென்றார். அதே விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை 25 வருஷம் முன்பு, 1954-ல், அவர் தகப்பனார் ராமநாதன் கிருஷ்ணன் வென்றிருந்தார். மகன் அப்புறம் ஏறக்குறைய பதினைந்து வருஷம் தொழில்முறை ஆட்டக்காரர். அமெரிக்க ஓப்பனில் 1981, 1987; விம்பிள்டனில் 1986. மூன்று தடவையும் கால் இறுதி, அதற்குமேல் இல்லை. ஒற்றையரில் 8 பட்டங்கள். 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் லியாண்டர் பயஸுடன் இரட்டையரில் கால் இறுதி. 1993-ல் நிறுத்திக்கொண்டார். பின்னர் தகப்பனும் மகனுமாகச் சென்னையில் ஒரு பயிற்சி மையம் ஆரம்பித்தார்கள். உலகத் தரவரிசையில் அவர் தொட்ட உச்சம், 1985 ஜனவரியில், 23.

இந்த 23-ஐத்தான் நான் பிடித்துக்கொள்ள விரும்புகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் பந்தைத் துரத்திக்கொண்டிருந்த காலத்துக்கு முன்பே அவர் ஆடி முடித்துவிட்டார். அவர் ஆட்டத்தை நான் பார்த்ததெல்லாம் சாயங்காலம் கேஷ் டாலியான பிறகு கைபேசியில், மங்கிய பழைய ஒளிப்பதிவுகளில். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அவருடைய சர்வீஸ் பரிதாபமானது. இரண்டாவது சர்வீஸ் கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டை நீட்டுகிற மாதிரி எதிராளியிடம் போகிறது. எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறது. எதிராளியும் எடுத்துக்கொள்கிறான், முழுத் தோளையும் போட்டு அடிக்கிறான். விஷயம் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். பந்து தரையிலிருந்து எழும்பும்போதே, மட்டையைப் பின்னால் அதிகம் இழுக்காமல், வந்த வேகத்தையே கடன் வாங்கி, எதிராளி இல்லாத இடத்துக்கு அதை அனுப்பிவிடுகிறார். அவர் ஓடுகிறார் என்பதே நமக்கு உறைப்பதில்லை. எதிராளி இரட்டிப்பு வேகத்தில் அடித்தால் இரட்டிப்பு வேகத்தில் திரும்புகிறது. அடிப்பவனின் பலமே அவனுக்கு எதிர்க்கட்சி.

இது பெரும்பாலும் புல்தரைக்கு ஏற்ற வித்தை. புல்லில் பந்து தாழ்ந்து வழுக்கிக்கொண்டு வரும். நாசூக்கான கைக்கு அது தோது. 1987-ல் சிட்னியின் புல்தரையில், டேவிஸ் கோப்பை அரை இறுதியின் ஐந்தாவது ஆட்டத்தில் ரமேஷ் வாலி மஸூரை வென்றுதான் இந்தியா இறுதிக்குப் போயிற்று. டிசம்பரில் கோதன்பர்க் நகரில் ஸ்வீடன்காரர்கள் உள்ளரங்கில் களிமண் தரை போட்டு வைத்துக் காத்திருந்தார்கள். களிமண்ணில் பந்து மெல்ல வந்து மேலே எழும்பும். இந்தியா 0-5. முதல் ஆட்டத்தில் மாட்ஸ் விலாண்டர் ரமேஷை மூன்று நேர் செட்களில் முடித்துவிட்டார். பதின்மூன்று மாதம் கழித்து, 1989 ஜனவரியில், ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்றில் அதே விலாண்டர். இப்போது அவர் உலகின் முதல் ஸ்தானத்தில் இருப்பவர், முந்தைய வருஷத்துச் சாம்பியனும்கூட. அந்தப் பந்தயம் அதற்கு முந்தைய வருஷமே புல்லை விட்டுக் கெட்டித் தரைக்கு மாறியிருந்தது. ரமேஷ் மூன்று நேர் செட்களில் ஜெயித்தார்.

நம் ஊர்ப் பத்திரிகைகள் இந்த மாதிரி வெற்றியை ஒரு அற்புதமாக்கி, அந்த மனிதரை அதற்குள்ளேயே அடைத்துவிடும். உலகின் முதல்வனை வென்ற தமிழன்! மீதி பதினைந்து வருஷத்தை என்ன செய்வது? ஊர் ஊராக விமானம் ஏறி, தெரியாத நகரத்துத் தெரியாத அரங்கில், 60-ஆம் இடத்துக்காரனிடமும் 90-ஆம் இடத்துக்காரனிடமும் தோற்றும் ஜெயித்தும், 1973 முதல் கம்ப்யூட்டர் போடத் தொடங்கிய கணக்கில் தன் எண் ஏறுவதையும் இறங்குவதையும் பாஸ்புக்கில் வரவு செலவு பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வாழ்ந்த வாழ்க்கை அது. தன் எண் என்ன என்பது அவருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும். அவமானமும் இல்லை, ஆரவாரமும் இல்லை. எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

ஏனென்றால் நம் விமர்சனத்தில் முதலிடம் உண்டு, குப்பைத்தொட்டி உண்டு, நடுவில் ஒன்றும் கிடையாது. 'தமிழின் தலைசிறந்த' என்று தொடங்காத மதிப்புரையைச் சமீபத்தில் எங்கே படித்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அப்படித் தொடங்காதவை 'இது கவிதையே அல்ல' என்று தொடங்குகின்றன. நண்பர் ஒருவரைக் கூப்பிட்டு, நீங்கள் தமிழில் 23-ஆவது நல்ல கவிஞர் என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு இதழ்களுக்கு உங்களோடு பேசமாட்டார். ஆனால் யோசித்தால் அது எவ்வளவு பெரிய புகழ்ச்சி! இந்த மொழியில் இத்தனை நூற்றாண்டாக எழுதியவர்களை எல்லாம் தள்ளிவிட்டு, இன்று உயிரோடு எழுதுகிறவர்களை மட்டும் வரிசையாக நிறுத்தினால்கூட, 23-க்குள் வருவதற்கு நம்மில் எத்தனை பேருக்குச் சர்வீஸ் விழும்?

இந்தக் கோளாறின் வேர் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் 1959-க்குப் போவேன். அந்த ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' பத்திரிகையை ஆரம்பித்தார். அதே வருஷம் ராமநாதன் கிருஷ்ணனைத் தன் தொழில்முறைக் குழுவுக்கு ஜாக் கிரேமர் என்ற அமெரிக்கர் அழைத்தார். மூன்று வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் டாலர் என்று சொல்வார்கள். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். பணம் வாங்கி ஆடுகிறவன் அன்றைக்கு விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் கால் வைக்க முடியாது. பாஞ்சோ கொன்சாலஸ் 1949-ல் தொழில்முறைக்குப் போய், உலகத்தில் அவனை வெல்ல ஆளில்லை என்ற பெயரோடு, 1968-ல் கதவு திறக்கும்வரை விம்பிள்டனுக்கு வெளியே நின்றான். கிருஷ்ணன் உள்ளேயே இருந்தார். 1960, 1961 இரண்டு வருஷமும் விம்பிள்டன் அரை இறுதி. முதலில் நீல் ஃப்ரேஸரிடம், அடுத்து ராட் லேவரிடம் தோல்வி. இரண்டு பேருமே அந்தந்த வருஷம் பட்டம் வென்றார்கள். 1966-ல் கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோச்சிடம் நான்காவது செட்டில் 2-5 என்று செத்துக் கிடந்த ஆட்டத்தைப் பிழைக்கவைத்து இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார்.

ஆகவே அவர் மறுப்பை நான் குறைத்துப் பேசவில்லை. செல்லப்பா புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்ததையும் குறைத்துப் பேச முடியாது. அவர்களுக்கு அது தேர்வு. நமக்கு அது ஒரு சௌகரியம். பாங்கியிலோ தபாலாபீஸிலோ சம்பளம் வாங்கிக்கொண்டு எழுத்தில் காசு பார்க்காமல் இருப்பது, எழுத்தின் தகுதியாகவே ஆகிவிட்டது. டென்னிஸிலும் அமெச்சூர் விதி பரிசுத்தமானதல்ல. காசில்லாதவனை வெளியே நிறுத்தியது. உள்ளே இருந்தவனுக்கு மேஜைக்கடியில் கவரைக் கொடுத்தது. அமெச்சூர் என்றால் காதலுக்காக ஆடுகிறவன். காதலுக்காக ஆடுகிறவன் தோற்றால் காதல் குறைவதில்லை. எனவே தோல்வி அவனுக்கு எதையும் சொல்லித்தருவதில்லை. இரண்டாவது சர்வீஸ் மெதுவாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது அவனுடைய ஆத்மாவைப் பற்றிய அவதூறாகப் படுகிறது. நம் இலக்கியச் சண்டைகளில் பாதி இந்த ரகம்தான்.

இதனால் நமக்கு இல்லாமல் போன ஆசாமி யார் என்றால், கோச்.

டென்னிஸில் அந்த ஆசாமியை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் முதலிடத்திலிருந்து அல்ல. 1966 இறுதியில் கிருஷ்ணனின் அணிக்கு எதிராக மெல்போர்னில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஹாரி ஹாப்மன். ஆஸ்திரேலியாவுக்கு 16 டேவிஸ் கோப்பைகள் வாங்கிக் கொடுத்த கேப்டன். ஆட்டக்காரராக அவர் சொந்த நாட்டுப் பந்தயத்தின் ஒற்றையர் இறுதியில் 1930, 1931, 1932 என்று மூன்று வருஷம் தொடர்ந்து தோற்றவர். அந்த 1966 இறுதியில் இந்தியா 1-4 என்று தோற்றது. அந்த ஒன்று, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் இரட்டையரில் நியூகோம்ப், டோனி ரோச் ஜோடியை வென்றது. இந்த ரோச் பிறகு இவான் லெண்டலுக்குக் கோச்சாக வந்தார். ரோச்சுக்கு வலையருகே நின்று வாலி அடிப்பதில் பிறவிக் கை. லெண்டலுக்குப் பின்கோட்டிலிருந்து பந்தைப் பிளக்கத்தான் தெரியும். ஆனால் விம்பிள்டன் வேண்டும். வருஷக்கணக்கில் அந்த ராட்சச உழைப்பாளிக்கு ரோச் வாலி சொல்லிக்கொடுத்தார். லெண்டல் 1986, 1987 இரண்டு இறுதிகளுக்குப் போனான். இரண்டிலும் தோற்றான். கடைசிவரை விம்பிள்டன் கிடைக்கவில்லை. ரோச்சுக்கே கிடைத்ததில்லை என்பது வேறு விஷயம்; 1968-ல் லேவரிடம் இறுதியில் தோற்றவர் அவர். தன் கையை இன்னொருவன் தோளில் பொருத்த முடியாது என்று இதற்கு அர்த்தம் பண்ணலாம். இரண்டு இறுதிகள் வரை பொருத்த முடிந்தது என்றும் பண்ணலாம். நான் இரண்டாவது கட்சி.

கிருஷ்ணன் வீட்டில் இந்தக் கை எப்படி இறங்கிவந்தது என்பது இன்னும் சுவாரஸ்யம். ராமநாதன் கிருஷ்ணனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர் அவர் தகப்பனார் டி.கே. ராமநாதன், அவரும் ஆட்டக்காரர். மகனுக்கும் வீட்டிலேயே பாடம். நாகஸ்வர வீடுகளில் பிள்ளைகள் கற்றுக்கொள்கிற மாதிரி, தூக்கத்திலும் காதில் விழுந்துகொண்டிருக்கும் சத்தத்திலிருந்து கற்றது. தகப்பன் புல்லில் மரமட்டையோடு ஆடியதையே மகன் கெட்டித் தரையிலும் ஆடினார். அப்படிப்பட்டவர் 1990-களில் பயிற்சி மையம் நடத்த வரும்போது என்ன காத்திருக்கிறது என்று யோசியுங்கள். மரமட்டை போய் கிராஃபைட் வந்து வெகுநாள் ஆயிற்று. 1997-ல் பிரேசிலின் குஸ்தாவோ குயர்ட்டன் என்ற பையன் பாலியெஸ்டர் நரம்பு கட்டிய மட்டையோடு பிரெஞ்சுப் பட்டம் வென்றான். அதற்குப் பிறகு பந்து முன்பைவிட மூர்க்கமாகச் சுழன்று, மூர்க்கமாக எழும்பியது. 2001-ல் விம்பிள்டனே தன் புல்லின் வகையை மாற்றிக்கொண்டது. எந்தத் தரையில் எந்தக் கையால் தான் பிழைத்தாரோ, அந்தத் தரையும் இல்லை, அந்தக் கைக்கு வேலையும் இல்லை. வருகிற பன்னிரண்டு வயதுப் பையனுக்கு வேண்டியது சர்வீஸ். அவரிடம் ஒருநாளும் இல்லாதது.

தன்னிடம் உள்ளதைக் கொடுப்பவன் குரு. அவன் காலில் விழலாம். தன்னிடம் இல்லாததையும் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லவேண்டியவன் கோச். அவனிடம் சண்டை போடலாம். நம் புதுக்கவிதை யாப்பைத் தூக்கி எறிந்தபோது யாப்பு வாத்தியாரையும் சேர்த்து எறிந்துவிட்டது. அவர் இடத்தில் தரிசனம், அகவெழுச்சி என்று காலில் விழத்தக்க சமாச்சாரங்களை வைத்தோம். பந்தை அரையடி முன்னால் தூக்கிப்போடு என்று சொல்ல ஆளில்லை. செல்லப்பா ஓரளவு இருந்தார். கவிதையில் அவர் முதல் வரிசைக்காரரல்ல என்பதை அபிமானிகளும் ஒப்புக்கொள்வார்கள், ஆனால் நாலைந்து நல்ல கவிஞர்களுக்குத் தரை போட்டுக் கொடுத்தவர் அவர்தான். அவரிடமிருந்து பிடிவாதத்தை எடுத்துக்கொண்டோம், அந்த வேலையை எடுத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் எனக்கு ஏன் அவசரமாயிற்று என்றால், நாலு மாதம் முன்பு ஒரு பையன் அம்மாவின் நகைக்கடனைத் திருப்பிவைக்க வந்தான். சேகோ ஆலையில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவன், இருபத்திரண்டு வயதிருக்கும். என் மேஜையில் கிடந்த சிறுபத்திரிகையை வெறித்துப் பார்த்தான். அடுத்த வாரம் ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து கவுண்டர் வழியே தள்ளினான். 41 கவிதைகள்.

"சார், நல்லாருக்கா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க."

அவை மேடைக்காக எழுதினவை. கோவில் திருவிழாவிலும் நூலக விழாவிலும் மைக்கைப் பிடித்து வாசிக்கிறான், கைதட்டல் வாங்குகிறான். நான் இத்தனை வருஷம் பழகிவைத்த ரசனை அடங்கின குரல் சார்ந்தது; இந்த நோட்டு கூவுகிறது. இது கவிதையே அல்ல என்று ஒரு வரியில் நான் அவனை முடித்துவைக்கலாம். நம் மரபு அதற்கு முழு அங்கீகாரம் தருகிறது. ஆனால் ஒரு கவிதையில் பஸ் அந்த ஆலையைத் தாண்டுகிறது. மரவள்ளித் தண்ணீரின் புளித்த வாடைக்கு எல்லோரும் மூக்கைப் பொத்துகிறார்கள். இவன் பொத்தவில்லை, ஏனென்றால் அது அவன் சட்டையின் வாசனை. அங்கே நின்றிருக்க வேண்டும். நிற்காமல் இன்னும் இரண்டு வரி போய் உழைக்கும் மக்களை எழுந்து வரச் சொல்கிறது.

ஒன்பது கவிதைகளில் கடைசி இரண்டு வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். அடுத்த வாரம் 41 கவிதையிலும் கடைசி இரண்டு வரியை அடித்துக்கொண்டு வந்து நின்றான். அவற்றில் ஏழில் உயிரே அந்த இரண்டு வரியில்தான் இருந்தது.

"நீங்கதான சார் வெட்டச் சொன்னீங்க?"

"ஒம்போதுலதானப்பா கோடு போட்டேன்."

"எல்லாத்துக்கும் ஒண்ணுதான்னு நெனச்சேன் சார்."

இரண்டாம் சனி, நாலாம் சனி பாங்கு விடுமுறை. அந்தச் சனிக்கிழமைகளில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஏழையும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தோம். ஏன் இதில் வேண்டும், ஏன் அதில் வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் வாயால் சொல்லியாக வேண்டியிருந்தது. இத்தனை காலம் மதிப்புரை எழுதினதில் எனக்கு அந்த அவசியம் வந்ததே இல்லை. ஒருநாள் கைபேசியில் ரமேஷ் கிருஷ்ணனைக் காட்டினேன். இரண்டாவது சர்வீஸைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "இத வெச்சுக்கிட்டு எப்படி சார் ஜெயிச்சாரு?" அடுத்த அடியைப் பார் என்றேன். நாலு தடவை பின்னால் தள்ளிப் பார்த்தான். பிறகு அந்த எதிராளி எந்த ஊர்க்காரன் என்று கேட்டான்.

அவனிடம் சத்தம் இருக்கிறது, அது என்னிடம் கிடையாது. அதை ஒழித்துவிட்டு என் ஆட்டத்தை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தால் என்னைவிட மட்டமான ஒரு ஆட்டக்காரன் கிடைப்பான். ஆகவே இப்போது மைக்கின் முன்னால் மூச்சு எங்கே வாங்குவது, பத்து வரிக்கு ஒரு கூவல் போதுமா, கூட்டம் சலசலக்கும்போது வரியைச் சின்னதாக்குவதா பெரிதாக்குவதா என்று எனக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத விஷயங்களை யோசித்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் அவன் வாசித்த ஒரு விழாவுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, எந்த வரியில் ஜனம் திரும்பிப் பார்க்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டு வந்தேன்.

பஸ் கவிதை இன்னும் முடியவில்லை. கடைசி இரண்டு வரி போய்விட்டது. முதல் வரியில் ஒரு 'ஏ மனிதா' இருக்கிறது. அதை எடுக்க மாட்டேன் என்கிறான்.

"அது இருந்தாதான் சார் திரும்பிப் பாப்பாங்க."

என் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் நாலு பேர் திரும்பியிருந்தார்கள். அடுத்த சனிக்கிழமை அதில் ஆரம்பிக்க வேண்டும்.